எண்ணை இழந்தவரும் மறந்தவரும்

கணிப்பொறி எழுத்தறியாது, அஃது அறிந்தது எண் ஒன்றே. திரையிற் காணும் ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு புள்ளியும், அப்பொறியினுள்ளே ஓர் எண்ணாகவே நிற்கின்றது. தமிழ் அகரம் அதற்கு 2949, ககரம் 2965. இங்ஙனம் உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எவ்விடத்தும் மாறாத ஓரோர் எண்ணை வகுத்து வைத்துள்ள பட்டியலே ஒருங்குறி என்பது. அதன் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற எழுத்து, கொழும்பில் எழுதினாலும் கோவையிற் படிக்கப்பெறும். ஆயிரம் பக்க நூலினுள்ளும் தேடினாற் கிடைக்கும். இடம்பெறாத எழுத்தோ வெறும் படமாக ஒட்டப்பெற்று, தேடுவார் கைக்கு எட்டாமற் கிடக்கும்.

எண்ணாலேயே இயங்கும் இப்பொறியில் ஓர் இனத்தின் எண்ணுருக்களுக்கே எண் இல்லாமற் போயிற்றெனின், அது வியப்பன்றோ? சிங்கள எண்களுக்கு அதுவே நேர்ந்தது. சிங்கள எழுத்துகள் பட்டியலில் ஏறி 15 ஆண்டுகள் கழிந்த பின்னரே சிங்கள எண்கள் ஏறின. அத்துணைக் காலத்தாழ்வு ஏன் நேர்ந்தது? பின்னர் அவை எவ்வகையில் ஏறின? இவ்விரண்டையும் ஆராய்வார்க்கு, இது சிங்களரைப் பற்றிய செய்தியாக மட்டும் நில்லாது. தமிழர் தம்மை அளந்து பார்த்துக்கொள்ளும் கோலாகவும் அமையும்.

எழுத்துக்கு இடம், எண்ணுக்கு இல்லை

1999-ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் 3.0 பதிப்பில், சிங்களத்திற்கு 3456 முதல் 3583 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. உயிரும் மெய்யும் உயிர்க்குறிகளும் அவற்றுட் சென்று அமர்ந்தன. எண்ணுரு ஒன்றேனும் அமரவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம் ஆகியவற்றின் எண்ணுருக்கள் 1991-ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டன என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இவ்விடுபாட்டிற்குக் கரணியம் யாது? அயலார் செய்த சூழ்ச்சி என்று எளிதிற் கூறிவிடலாம். ஆயின் அஃது உண்மையன்று. சிங்களரின் அன்றாட வாழ்வில் அவ்வெண்கள் வழங்கவில்லை. பள்ளியிற் பயிற்றுவாரில்லை, கடையில் எழுதுவாரில்லை, அரசிதழில் அச்சிடுவாரில்லை. 1891-ஆம் ஆண்டில் ஆபிரகாம் மெண்டிசு குணசேகர தம் விரிவான சிங்கள இலக்கண நூலில் பழைய எண்ணுருக்களைக் குறித்தபோதே, அவை வழக்கொழிந்து போயிருந்தன. ஒரு நூற்றாண்டிற்குப் பின் சிங்களத்திற்கெனத் தனியெண் உண்டோ என்னும் ஐயமே எழலாயிற்று. ஐயத்திற்கு இடமளித்த எண்ணுக்குப் பட்டியலில் இடங் கிடைக்கவில்லை.

இதனுள் மற்றோர் உண்மையும் மறைந்து கிடக்கின்றது. ‘சிங்களமே ஆட்சிமொழி’ என்று 1956-ஆம் ஆண்டில் சட்டஞ்செய்து, தமிழர் வாயை அடைத்த ஆட்சி அது. அவ்வாட்சி தன் மொழியின் எண்களையேனும் காத்ததா எனின், இல்லை. நாணயத்திலும் ஆவணத்திலும் உலகப் பொதுவெண்களையே பொறித்தது. பிறர் மொழியை ஒடுக்கும் வன்மை ஒன்று. தன் மொழியைப் பேணும் அன்பு மற்றொன்று. முன்னது உடையார்க்குப் பின்னது தானே வந்துவிடுவதில்லை. ஓர் இனம் தன் எண்ணைக் கைவிடின், அரசும் படையும் கொடியும் சேர்ந்தும் அதனை மீட்டுத் தரமாட்டா. மீட்டுத் தருவன சான்றும் வழக்குமே.

‘இலக்கம்’ என்னும் பெயர்

இழந்த எண்கள் யாவை என்று காண்போம் எனத் தேடப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒரு தமிழ்ச்சொல். சிங்களரின் பழைய எண்முறைக்குப் பெயர் ‘சிங்கள இலக்கம்’. கணியர் வழங்கிய எண்முறைக்குப் பெயர் ‘இலித் இலக்கம்’. சிங்களம் தமிழிலிருந்து கடன்கொண்ட சொற்களுள் ஒன்றாக மொழியறிஞர் இவ்விலக்கம் என்னும் சொல்லை எண்ணுவர். உலகப் பட்டியலில் ஏறிய சிங்கள எண்ணின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கின்றது! ஈழத்தமிழர் இன்றும் தொலைபேசி இலக்கம், வீட்டிலக்கம் என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டிலோ கற்றவரும் கல்லாதவரும் ‘நம்பர்’ என்கின்றனர். சிங்களன் காத்த தமிழ்ச்சொல்லைத் தமிழன் தெருவில் எறிந்துவிட்டான் என்பதை எண்ணுங்கால் நாணாத தமிழ்நெஞ்சம் எங்ஙனம் இருத்தல் கூடும்?

இனி, அவ்விரு முறைகளின் இயல்பைக் காண்போம். சிங்கள இலக்கத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது உருக்கள், பத்து, இருபது, முப்பது எனத் தொண்ணூறு வரை தனித்தனியே ஒன்பது உருக்கள், நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்திற்கு ஒன்று, ஆக 20 உருக்கள். சுழி இதில் இல்லை. பழந்தமிழ் எண்முறையிலும் சுழியின்றிப் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனியுருக்கள் உண்டு. ஆயின் வேறுபாடும் உண்டு. முப்பத்தைந்தைப் பழந்தமிழர் ௩௰௫ என்று, அஃதாவது மூன்று, பத்து, ஐந்து என மூன்று உருக்களால் எழுதினர். சிங்கள இலக்கத்திலோ முப்பதிற்கு ஓர் உருவும் ஐந்திற்கு ஓர் உருவுமாக இரண்டே போதும். இரண்டும் பிராமி வழிவந்த எழுத்து மரபுகளின் எண்களே. எனினும் தத்தம் வழியே தனித்து வளர்ந்தவை.

இலித் இலக்கம் வேறு வகையது. ‘இலித’ என்பது சிங்களத்தில் ஐந்திறத்தைக் குறிக்கும் சொல். கோள்நிலை கணித்துப் பிறப்போலை எழுதிய கணியர் இவ்வெண்களை வழங்கினர். கோள்களின் பாகையையும் நாழிகையையும் கணிப்பார்க்கு இடமதிப்பு இன்றியமையாதது. இடமதிப்பிற்குச் சுழி இன்றியமையாதது. ஆகலின் இலித் இலக்கத்தில் சுழியும் ஒன்பது உருக்களும் சேரப் பத்து உருக்கள் உள. சிங்கள இலக்கம் வழக்கற்ற பின்னும், 20-ஆம் நூற்றாண்டிலும் கணியர் ஓலைகளில் இவ்விலித் எண்கள் உயிர்வாழ்ந்தன.

அடிமை முறியே சான்றாயிற்று

சிங்கள இலக்கம் கண்டி அரசு வீழுங்காறும் வழங்கியது. அரசாணைகளிலும் அரண்மனை ஆவணங்களிலும் அது பொறிக்கப்பெற்றது. 1815-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள், கண்டித் தலைவர்கள் ஆங்கில ஆளுநர் இராபர்ட்டு பிரவுன்ரிக்குடன் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அதனால் அத்தீவின் இறுதி அரசும் அயலார் கைப்பட்டது. அவ்வரசின் கடைசி மன்னன் விக்கிரம இராசசிங்கன் வேலூர்க்கு நாடுகடத்தப்பெற்று, 1832-ஆம் ஆண்டில் அங்கேயே மாய்ந்தான். அம்மன்னன் அடங்கிய இடம் இன்றும் பாலாற்றங்கரையில் உள்ளது.

அவ்வுடன்படிக்கையின் சிங்களப் பகுதியிற் கூறுகளுக்கு இடப்பெற்ற எண்கள் சிங்கள இலக்கங்களே! அரசை ஒப்புக்கொடுத்த முறியே, ‘எங்களுக்கும் எண் இருந்தது’ என்று 200 ஆண்டுகட்குப் பின் எடுத்துக்காட்டும் சான்றாக வந்து நின்றது. ஆட்சி போன அன்றே எண்ணும் போகத் தொடங்கிற்று. அது போன நாளைக் குறித்த ஏடே அஃது இருந்தமைக்குச் சான்றாயிற்று. இதனினும் கசப்பான பாடம் வேறுண்டோ?

இத்தகைய சான்றுகளைத் தேடித் தொகுத்தவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிப் பள்ளியைச் சார்ந்த அர்ச விசயவர்தன என்பார். ஓலைகளும் ஆவணங்களும் பழைய இலக்கண நூல்களும் ஆராயப்பெற்றன. எண்ணுருக்கள் வகை பிரிக்கப்பெற்றன. முறைப்படி வேண்டுகை எழுந்தது. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் 7.0 பதிப்பில் இருவகைச் சிங்கள எண்களும் ஒருசேர இடம்பெற்றன. பட்டியலைப் பேணும் அமைப்பு கண்ணீருக்கு இரங்குவதன்று. பெருமைப் பேச்சுக்கு மயங்குவதுமன்று. எழுதப்பெற்ற ஏட்டைக் காட்டுக என்பதே அதன் வினா. காட்டினார்க்கு இடங் கிடைத்தது.

இரு வகை எண். இரு வேறு இருக்கை

அவ்விரு வகையும் ஒரே இடத்தில் அமரவில்லை. இலித் எண்கள் பத்தும் சிங்கள எழுத்துகளோடு சேர்ந்து 3558 முதல் 3567 வரை அமர்ந்தன. சிங்கள இலக்கங்கள் இருபதும் நெடுந்தொலைவிற்கு அப்பால் 70113 முதல் 70132 வரை அமர்ந்தன. ஒருங்குறியின் முதல் தளம் 65,536 இடங்களோடு முடிகின்றது. அன்றாட வழக்கிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் முதல் தளத்தில் உள. பெரும்பாலான பழவழக்குகள் அடுத்த தளத்தில் வைக்கப்பெறுகின்றன. முதல் தளத்துச் சிங்கள எழுத்தைப் பதிய, இணையத்தில் மிகுதியாக வழங்கும் முறையில், ‘பைட்டு’ என்னும் அளவு மூன்று வேண்டும். மேல்தளத்து இலக்கத்திற்கு நான்கு வேண்டும். பழைய மென்பொருள்கள் பல மேல்தளத்து எழுத்தைக் கையாள அறியாமல் இடர்ப்பட்டன. பட்டியலில் எண் கிடைத்தாலும், அவ்வெண்ணுக்குரிய உருவை வரைந்துவைத்த எழுத்துரு கணினியில் இல்லையேல், படிப்பார்க்கு வெற்றுக் கட்டமே தோன்றும்.

இருக்கையினும் பெரிய வேறுபாடு தன்மையில் உள்ளது. இலித் எண்கள் சுழியோடு கூடியவை, இடமதிப்பிற்கு உரியவை. ஆதலின் அவை ‘பதின்ம இலக்கம்’ என்னும் வகையிற் சேர்க்கப்பெற்றன. அவ்வகையைச் சேர்ந்த எண்ணுருக்களை எம்மொழியில் எழுதினும் எண்ணாகவே எடுத்துக் கூட்டவும் கழிக்கவும் வல்ல நிரல்மொழிகள் உள. சிங்கள இலக்கங்களோ சுழியில்லாதவை. ஆதலின் ‘பிற எண்’ என்னும் வகையிற் சேர்க்கப்பெற்றன. ஒவ்வொன்றின் மதிப்பும் பட்டியலிற் குறிக்கப்பெற்றுள்ளது. ஆயின் அவற்றை வரிசையாக வைத்து இடமதிப்பாற் படித்தல் ஆகாது. பழையதைப் புதியதுபோற் காட்டாமலும், பழையதென்று தள்ளாமலும், அதன் இயல்பு எதுவோ அதனையே பதிந்த முறை இது. போற்றத்தக்க முறையே.

உரு ஒன்று, பொருள் வேறு

இவ்விடத்தில் தமிழர் கண் திறந்து நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஒருங்குறி பதிவது வடிவத்தையன்று; வடிவத்தின் பின்னுள்ள பொருளை. ‘௧’ என்னும் தமிழெண் ஒன்றும் ‘க’ என்னும் எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. பட்டியலிலோ முன்னது 3047, பின்னது 2965. அவ்வாறே இரண்டும் உகரமும், ஏழும் எகரமும், எட்டும் அகரமும் உருவால் ஒத்திருப்பினும் எண்ணால் வேறு. தமிழ்ப்பற்று மிக்க சிலர் எண்ணெழுத வேண்டிய விடத்தில் எழுத்தையே தட்டச்சிட்டு விடுகின்றனர். கி.பி. 2026-க்கு நேரான திருவள்ளுவர் ஆண்டு 2057. அதனைத் தமிழெண்ணில் ௨௦௫௭ என்று எழுதவேண்டும். உகரத்தையும் ‘ரு’வையும் எகரத்தையும் சேர்த்து எழுதினால், படிப்பவன் கண்ணுக்கு ஆண்டாகத் தோன்றும், கணினிக்கோ அது பொருளற்ற எழுத்துக் கோவை. தேடினாற் கிடையாது, வரிசைப்படுத்தினால் இடம் மாறும். பற்றிருந்தும் பயிற்சியின்மையால் விளையுங் கேடு இது.

தமிழெண்ணின் நிலை

தமிழெண்களுக்குச் சிங்கள எண்களைப்போற் காத்திருக்கும் நிலை நேரவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் ஆகிய மூன்றும் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. நாள், திங்கள், ஆண்டு, வரவு, பற்று முதலியவற்றின் குறிகள் 2003-ஆம் ஆண்டிற் சேர்ந்தன. இடமதிப்பு முறையில் எழுதுதற்கு வேண்டிய சுழி 2005-ஆம் ஆண்டில் 3046-ஆம் இடத்தில் அமர்ந்தது. கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களும், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைகளும், பொன், பணம், காசு முதலியவற்றின் குறிகளும் 2019-ஆம் ஆண்டில் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் மேல்தளத்தில் ஏறின. அவ்வாண்டிற் சேர்ந்த தமிழ்க்குறிகள் மொத்தம் 51. ஒன்றை 320 கூறாக்கி, அக்கூறு ஒன்றிற்கு முந்திரி என்று பெயரும் உருவும் கண்ட இனத்தின் கணக்கறிவு, அங்ஙனம் உலகப் பட்டியலில் நிலைபெற்றது.

இப்பின்னங்களுக்கும் ஓலைச்சுவடியும் கல்வெட்டும் பழங்கணக்கேடுமே சான்றாயின. ஏடு இருந்தமையாற் காட்ட முடிந்தது. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பெற்றபோது, அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரிந்த ஏடு எவ்வவையிலும் சான்று கூறாது. ஏட்டை எரிப்பவன் நூலை மட்டும் எரிக்கவில்லை; ‘எம்மிடம் இருந்தது’ என்று நாளை கூறவேண்டிய வாயையும் சேர்த்தே எரிக்கின்றான். எஞ்சிய ஓலைகளையும் கணக்கேடுகளையும் படியெடுத்துக் காத்தல் எத்துணை விரைவிற் செய்யவேண்டிய பணி என்பதை இதனால் உணர்க.

ஆயின் தமிழன் கையிலிருந்த எண்ணைப் பறித்தவர் யார்? தமிழெண்ணில் ஆண்டு குறித்தாற் சிறையென்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டியலில் இடமுண்டு, எழுத்துருக்களில் உருவுண்டு, எழுதக் கையுமுண்டு. எழுதும் எண்ணமே இல்லை. பள்ளி மாணவனை நிறுத்தி ஏழு என்னும் தமிழெண்ணை எழுதச் சொன்னால், பலர் விழிப்பர். சிங்களர் தம் எண்ணை இழந்தனர். பின்னர்ச் சான்று தேடி மீட்டுப் பட்டியலில் ஏற்றினர். தமிழர் பட்டியலில் இருக்கும் எண்ணையே மறந்தனர். இழப்பினும் மறதி இழிவுடைத்து.

‘உலகமே ஒரு பொதுவெண்ணை வழங்குங்கால், தமிழெண் எதற்கு?’ என்று வினவுவார் உளர். வினா நேர்மையானதே, விடையும் நேர்மையாகவே கூறத்தக்கது. வணிகக் கணக்கிலும் அறிவியல் வாய்பாட்டிலும் பொதுவெண் பெரும் பயன் தருவது. அதனைத் தூக்கியெறிக என்பார் யாருமிலர். ஆயின் பொதுவெண்ணை ஏற்றமைக்காகத் தன்னெண்ணைப் புதைத்தல் வேண்டுமோ? பர்மியர் தம் எண்ணை அன்றாடம் எழுதுகின்றனர். நேபாளத்திலும் வங்காள நாட்டிலும் கடைப்பலகை முதல் நாட்காட்டி வரை அவரவர் எண் விளங்குகின்றது. தாய்லாந்தின் அரசு ஆவணங்களில் தாய் எண் நிற்கின்றது. அவர்தம் வணிகம் முடங்கிற்றா? அறிவியல் அழிந்ததா? இரண்டையும் கையாளும் திறம் அவர்க்குண்டு. தமிழர்க்கு மட்டும் அது சுமையாமோ?

சிங்கள எண்களின் வரலாறு காட்டும் முடிவு இதுவே: பட்டியல் எண்ணுக்கு இருக்கை தரும், உயிர் தராது. இலித் எண்ணும் சிங்கள இலக்கமும் இன்று இடம்பெற்றும், பெரும்பாலும் ஆராய்வார்க்கே பயன்படுகின்றன. வழக்கிழந்த எண்ணுக்குப் பட்டியல் ஒரு காட்சிக்கூடமே. தமிழெண் அக்காட்சிக்கூடத்துட் போய்ச் சேராமற் காத்தல், அரசாணையை எதிர்நோக்கிக் கிடக்கவேண்டிய பெருஞ்செயலன்று. மடலின் தலைப்பில் நாளைத் தமிழெண்ணில் இடுக. வீட்டுக் கதவில் இலக்கத்தைத் தமிழில் பொறித்து, அருகே பொதுவெண்ணையும் எழுதுக. திருமண அழைப்பில் திருவள்ளுவர் ஆண்டைத் தமிழெண்ணிற் குறிக்க. வெளியிடும் நூலுக்குத் தமிழெண்ணிற் பக்கமிடுக. எழுதுங்கால் எழுத்தை எண்ணாகத் தட்டச்சிடாது, எண்ணை எண்ணாகவே இடுக. குழந்தைக்கு ஒன்று இரண்டு சொல்லித்தரும் அன்றே ௧ ௨ என்றும் எழுதிக் காட்டுக. ‘நம்பர்’ என்று வாயில் வருங்கால், ‘இலக்கம்’ என்று திருத்திச் சொல்லுக. அச்சொல் கடல் கடந்து சிங்களத்துட் சென்று வாழ்வதையும் நினைக்க.

200 ஆண்டுகட்குப் பின் ஓர் ஆராய்ச்சியாளன், ‘தமிழர்க்கு எண் இருந்ததா?’ என்று ஐயுற்று, எங்கோ ஒரு பெட்டியிற் கிடக்கும் பழைய முறியைப் புரட்டிச் சான்று தேடும் நிலை வரவேண்டா. இன்று எழுதப்பெறும் மடலும் அழைப்பும் கதவிலக்கமுமே அவனுக்கு விடையாக நிற்கட்டும். எழுதுக, தமிழர்!